படங்களுக்குக் கீழே எழுதியவை

நாங்கள் நான்கு பேர். ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையின் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். கீழே கூரைத்தகடு இறக்கினால் மேலே பேசுவது கேட்காது. போனில் விரலால் படம் வரைந்து மற்றவர்கள் பார்க்கப் போடுகிற ஒரு செயலிக்காக அங்கே ஆறு வருடம் வேலை செய்தேன். செயலி எங்களுடையது அல்ல. வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குச் சொந்தம். தமிழிலும் சிங்களத்திலும் அதை ஓட வைப்பதும், அந்த இரண்டு மொழிகளிலும் வரைகிறவர்களைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு.

எங்களுக்குத் தலைவராக இருந்தவர் முன்பு ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் டியூஷன் எடுத்தவர். எங்களுக்கும் அதே குரலில்தான் விளக்குவார். அவரை அண்ணன் என்றே கூப்பிட்டோம். நிரல் எழுதுகிறவர் றொசல்லயிலிருந்து ரயிலில் வருவார், முப்பது வயது, இரண்டு பிள்ளைகளின் அப்பா. ரயில் பிந்தினால் பிந்துவார், ரயில் பிந்தாவிட்டாலும் பிந்துவார், பழி மட்டும் எப்போதும் ரயிலுக்கு. திரைகளை வடிவமைத்தவள் டவுனில் வளர்ந்த சிங்களப் பெண். படங்களுக்குக் கீழே ஆட்கள் எழுதுவதை வாசித்து வாசித்தே தமிழ் பிடித்துக்கொண்டாள். ஒரே வாக்கியத்தில் மட்டக்களப்புத் தமிழும் மன்னார்த் தமிழும் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழும் பேசுவாள்.

நான் சோதிப்பவள். மற்றவர்கள் செய்ததை உடைத்துப் பார்ப்பேன், உடையாவிட்டால் 'சரி' என்று குறிப்பேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இந்த வேலைக்கு அது நல்ல தகுதி என்று அண்ணன் சொல்வார்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு சொல் போடுவோம். செருப்பு, வரிசை, கூரை, அப்படி ஏதாவது. யார் வேண்டுமானாலும் அதற்கு ஒரு படம் வரைந்து போடலாம். ஆசிரியர்கள் போடுவார்கள், கடையில் நிற்கிறவர்கள் போடுவார்கள், திருகோணமலையில் ஒரு மீன் வியாபாரி எந்தச் சொல்லுக்கும் மீனையே போடுவார். மின்வெட்டுக் காலத்தில் 'மெழுகுவர்த்தி' என்று போட்ட வாரம் படங்கள் குவிந்துவிட்டன. இருட்டில் வேறு என்னதான் செய்வது.

எங்கள் குழுவுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு படம்கூடக் கீழே ஒரு வரி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டக் கூடாது. வேறு யாரும் எழுதாவிட்டால் எங்களில் ஒருவர் எழுத வேண்டும். இதற்குக் காரணம் அண்ணன்தான். ஆரம்பத்தில் அவரும் ஆசையாக ஒரு பசுமாட்டை வரைந்து போட்டார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மனுசன் இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்காமல் திரிந்தார். மூன்றாம் நாள் சட்டம் வந்துவிட்டது. அந்த மாட்டைப் பார்த்தவர்கள் பேசாமல் இருந்தது மரியாதை என்றே இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை அரைநாள். படங்களை நான்காகப் பிரித்துக்கொண்டு எழுதுவோம். முதல் வருடம் ஒவ்வொன்றையும் நின்று பார்த்து எழுதினேன். பிறகு படங்கள் கூடின, கை சலித்தது. ஒரு குறிப்பில் ஏழெட்டு வரிகளைத் தயாராக வைத்துக்கொண்டேன். 'வண்ணங்கள் அருமை.' 'தொடர்ந்து வரையுங்கள்.' 'மனதைத் தொட்டது.' எடுத்து ஒட்டுவேன், பஸ்ஸுக்கு ஓடுவேன். இது மற்ற மூவருக்கும் தெரியாது. தெரிந்தும் கேட்காமல் இருந்தார்களோ என்னவோ.

செயலியை மூடப் போகிறார்கள் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கம்பனியை இன்னொரு கம்பனி வாங்கிவிட்டது, வாங்கியவர்களுக்கு இது வேண்டாம். இரண்டு மாத அவகாசம். எங்கள் வேலையும் அதோடு முடியும். கடிதத்தில் எங்களை 'குடும்பம்' என்று எழுதியிருந்தார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, எங்கள் நேரப்படி மதியம் ஒன்றரை என்றும் அதே கடிதத்தில் இருந்தது. நேரம் குறித்துக் கலைகிற குடும்பத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கத்தினேன். அண்ணன் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

செயலி ஏற்கெனவே உள்ள போன்களில் வரைவது தொடர்ந்து ஓடும். போட்டுக் காட்டுவதும், மற்றவர்கள் பார்ப்பதும், எழுதுவதும் நின்றுபோகும். அதுவரை போட்டவையெல்லாம் அழியும். ஆகவே எங்களுக்கு மிஞ்சிய ஒரே வேலை, ஒவ்வொருவருடைய படங்களையும் ஒரு பொதியாகக் கட்டி அவரவர் கையில் கொடுப்பது. றொசல்லக்காரர் அதற்கு நிரல் எழுதினார், நான் சோதித்தேன். படங்களின் எண்ணிக்கை பொருந்துகிறதா, தேதி சரியா, திறக்கிறதா. எல்லாம் பொருந்தியது. 'சரி' போட்டேன். மின்னஞ்சல்களில் இணைப்புகள் போயின.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தோட்டங்களிலிருந்து வரைகிறவர்களில் பாதிப்பேர் பொதியை எடுக்கவே இல்லை. எனக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும், நானும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள்தானே. தோட்டத்தில் போன் வாங்கினால் விற்கிற கடைக்காரரே ஒரு மின்னஞ்சல் முகவரி செய்து போட்டுக் கொடுத்துவிடுவார். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எங்கள் அம்மாவின் போனிலும் அதே கதை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வட்ஸ்அப்பில் அனுப்பி, ஒருவாறு முடித்துக்கொண்டு வந்தோம்.

அப்போது ஒரு வெள்ளிக்கிழமைப் படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி: 'மிஸ் எனக்கு ஒன்னும் வரல.'

எழுதியவர் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண். நான்கு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடாதவர். அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. படங்கள் எல்லாம் கறுப்புக் கோட்டில் இருக்கும். குனிந்த முதுகுகள், கூடைகள், தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற கால்கள். நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். லயத்தில் சிக்னல் இல்லை, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்றார். அவருடைய பொதி பெரியது. அந்தச் சிக்னலில் அது இறங்க வழியில்லை.

"ஞாயித்துக்கிழம வீட்ல இருப்பீங்களா? நானே கொண்டாந்து தாரேன்" என்றேன்.

"இங்கயா? மழையில பாத கெட்டுக் கெடக்கு மிஸ்."

"நானும் தோட்டந்தான். வாரேன்."

தலவாக்கலையில் பஸ் மாறி, சந்தியில் இறங்கி, ஆட்டோக்காரர் இதற்கு மேல் ஏறாது என்று சொன்ன இடத்திலிருந்து நடந்து போனேன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ஒல்லியானவர், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் ஒரேயொரு நாற்காலி, அதில் என்னை உட்கார வைத்துவிட்டார். மடிக்கணினியிலிருந்து படங்களை மெமரி கார்டில் ஏற்றி அவருடைய போனில் போட்டேன். நான்கு வருடப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு முதலுக்குப் போய் இன்னொரு தடவை தள்ளினார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது.

"கீழ இருந்ததெல்லாம் எங்க மிஸ்?"

"எது அக்கா?"

"எழுத்து. படத்துக்குக் கீழ எல்லாரும் எழுதுனது."

அது வராது, படம் மட்டும்தான் வரும் என்றேன். என் குரலில் கொஞ்சம் அலுவலகம் இருந்திருக்கும். அவர் போனை மடியில் வைத்தார்.

"படம் நான் போட்டதுதானே. அது எனக்குத் தெரியும். திரும்பப் பாத்து என்னா செய்ய? அவங்க சொன்னதுதான் எனக்கு வேணும்."

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். ஒற்றைக் காலில் நிற்கிற பெண்ணின் படத்துக்குத் திருகோணமலை மீன்காரர் 'இவவுக்கு மற்றக் கால் எங்க?' என்று கேட்டாராம். இவர் 'அட்டை கடிச்சிருச்சு, தூக்கிப் பாக்கிறா' என்று எழுதினாராம். அதற்குப் பிறகு எட்டுப் பேர் அட்டைக்கு என்ன மருந்து என்று எழுதினார்களாம். எட்டையும் வரிசை தவறாமல் சொன்னார். சவர்க்காரம், உப்பு, வெற்றிலைச் சாறு. எங்கள் வடிவமைப்பாளர் சிங்களத்தில் எழுதிய ஒன்றைச் சந்திக் கடையில் காட்டி வாசிக்கக் கேட்டாராம். 'இந்த முதுகு என்னுடைய அம்மாவின் முதுகு' என்று இருந்ததாம்.

"தோட்டத்துத் துர திட்டுன அன்னிக்கெல்லாம் மடுவத்துல நின்னு அதத்தான் வாசிப்பேன்" என்றார்.

அவர் என்னைப் பார்த்து, வாயை மூடிச் சிரித்தார்.

"நீங்க எழுதுறதுந் தெரியும். அவசரமா இருந்தா 'வண்ணங்கள் அருமை'ன்னு போடுவீங்க. நான் கறுப்புலதான் வரைஞ்சிருப்பேன். வெயில்ல மத்த கலரு போன்ல தெரியாது மிஸ்."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. "மன்னிச்சிருங்க அக்கா" என்றேன்.

"அட, அதுக்கென்னா புள்ள. அன்னிக்கு வேல கூடன்னு நெனச்சுக்குவேன்." அந்த இடத்தில்தான் மிஸ் போய்ப் புள்ள வந்தது. அவர் தந்த தேநீரை முடிக்கும்வரை என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். பொதியில் எழுத்தை ஏன் சேர்க்கவில்லை என்று எல்லோரும் யோசித்தோம். சதி ஒன்றும் இல்லை. எங்களுக்கு அது ஞாபகமே வரவில்லை. சனிக்கிழமைதோறும் எழுதி எழுதி அது எங்களுக்கு வீட்டுவேலை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதைப் போய் யார் பொதி கட்டுவார்கள்? பிழை முதலில் என்னுடையது. சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலை எழுதியது நான், அதில் அந்த வரி இல்லை. அதையும் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

மூடுவதற்கு அன்றோடு பன்னிரண்டு நாள். அண்ணனுக்குக் கொழும்பில் வேறு வேலை கிடைத்திருந்தது, வீடு பார்க்கப் போக விடுமுறை எழுதி வைத்திருந்தார். றொசல்லக்காரர் இரண்டு இடங்களுக்கு நேர்முகத் தேர்வு என்று ஓடிக்கொண்டிருந்தார். உரிமையாளர்களுக்கு அண்ணன் எழுதிக் கேட்டார். செய்வதானால் செய்யுங்கள், ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடையாது என்று பதில் வந்தது.

"எல்லாருக்கும் செய்யணுமா, அந்த அம்மாவுக்கு மட்டுமா?" என்று றொசல்லக்காரர் கேட்டார்.

"ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாருக்கும் செஞ்ச மாதிரிதானே. வழி ஒன்னுதானே" என்றார் அண்ணன், டியூஷன் குரலில்.

"வழி ஒன்னு அண்ணே. படம் எத்தினன்னு தெரியுமா?"

"அக்கா, நாங்க செய்யிறது" என்றாள் வடிவமைப்பாளர் என்னைப் பார்த்து. அது கேள்வியா முடிவா என்று தெரியவில்லை. முடிவாகவே எடுத்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் நாங்கள் செய்த வேலையை அதற்கு முன் ஆறு வருடத்தில் செய்ததில்லை. ஒவ்வொரு படமும் ஒரு பக்கம். மேலே படம், கீழே அதற்கு எழுதப்பட்டவை எல்லாம், எழுதிய வரிசையில். றொசல்லக்காரர் ஒரு நாளும் பிந்தவில்லை. ரயில் பிந்திய அன்று பஸ்ஸில் வந்து நின்றார், அதற்காக அவரைக் கேலி செய்யாமல் நாங்கள் விடவில்லை. அண்ணன் வீடு பார்க்கப் போகவில்லை. நான் இம்முறை எண்ணிக்கையைப் பொருத்திப் பார்த்ததோடு நிற்கவில்லை, பக்கங்களை வாசித்தேன். என் 'வண்ணங்கள் அருமை' பக்கத்துக்குப் பக்கம் வந்து நின்றது. கறுப்புக் கோட்டுப் படத்துக்கு, நிழல் படத்துக்கு, ஒரு மரண வீட்டுப் படத்துக்கும் கூட. அழிக்கலாமா என்று ஒரு கணம் கை போனது. சோதிப்பவள் தன்னுடைய பிழையை அழித்தால் பிறகு அவளுக்கு என்ன மரியாதை. விட்டுவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் முடிந்தது. எல்லோருக்கும் மறுபடி அனுப்பினோம். அக்கரப்பத்தனைக்கு மட்டும் மெமரி கார்டை ஒரு கடித உறையில் போட்டு, அந்தப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். சந்திக் கடையில் கொடுத்துவிடச் சொன்னேன். வியாழன் மாலை மடுவத்திலிருந்து போன் வந்தது.

"கெடச்சிருச்சு புள்ள. அட்ட மருந்து எட்டும் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த வருடத்தில் அதைவிட நல்ல செய்தி வரவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமைக்கு நாங்கள் சொல் எதுவும் போடவில்லை. விரும்பியதை வரையுங்கள் என்று விட்டுவிட்டோம். காலையிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. பொதிகள் போய்விட்டதால் இவை எந்தப் பொதியிலும் சேராது, ஒன்றரைக்கு மறையும். அது போட்டவர்களுக்கும் தெரியும். இருந்தும் போட்டார்கள். சட்டத்தை ஞாயிற்றுக்கிழமைவரை தள்ள முடியாது என்பதால் நால்வரும் வந்த கையோடு எழுதிக்கொண்டிருந்தோம். தயார் வரிகள் இருந்த குறிப்பை நான் முந்தின நாளே அழித்துவிட்டேன். மீன்காரர் மீன் போட்டிருந்தார்.

ஒன்று பத்துக்கு அக்கரப்பத்தனை அக்காவின் படம் வந்தது. கறுப்புக் கோட்டில் ஒரு அறை, ஒரு மேசை, அதைச் சுற்றி நான்கு பேர். ஒன்று நான். கண்ணாடியும் நெற்றிச் சுருக்கமும் அப்படியே இருந்தன. மற்ற மூவருக்கும் முகம் இல்லை, வெறும் வட்டம். அவர்களைத்தான் அவர் பார்த்ததில்லையே. ஜன்னலில் தேயிலை மலை தெரிந்தது. எங்கள் ஜன்னலில் உண்மையில் தெரிவது பக்கத்துக் கடையின் தண்ணீர்த் தாங்கி.

நால்வரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒவ்வொருவராக எழுதினோம். நான் கடைசி. மற்றவர்கள் மணியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க, ஒன்று இருபத்தெட்டுக்கு அனுப்பினேன். ஒன்றரைக்குப் பக்கத்தைப் புதுப்பித்தோம். வெள்ளைத் திரையில் ஒரு மன்னிப்பு வரி, ஆங்கிலத்தில். வாங்கி வைத்திருந்த கேக்கை வெட்டலாம் என்றார் அண்ணன். யாரும் திரையை விட்டு நகரவில்லை.

அப்போது என் போன் அடித்தது. மடுவத்தின் சத்தம் கேட்டது, ஆட்கள் பேசுவதும் தராசுச் சங்கிலி உரசுவதும்.

"புள்ள, நீங்க எழுதுனது எறங்குறதுக்குள்ள பூட்டிப்புட்டாங்க. படத்துக்குக் கீழ நாலுன்னு மட்டும் காட்டுச்சு. நாலு பேரு எழுதுனீங்களா?"

"ஆமாக்கா. நாங்க நாலு பேருந்தான்."

"என்னா எழுதுனீங்க? சீக்கிரம் சொல்லுங்க, கணக்கப்பிள்ள கூப்புடுறாரு."

போனைச் சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தேன். அண்ணன் தனக்கு மீசை உண்டு, தலையில் முடி மட்டும் கணக்குப் பார்த்துப் போட வேண்டும் என்று எழுதியதைச் சொன்னார். றொசல்லக்காரர் தன்னைக் கதவுக்கு வெளியே, பாதி உள்ளே வந்த மாதிரி வரைந்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்றார். வடிவமைப்பாளர் தன்னுடையதைச் சிங்களத்தில் வாசித்து, உடனே தமிழிலும் சொன்னாள்: "வட்டம் போதும் அக்கா. நீங்க போட்டது, அதனால முகந்தான்." அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவரோடு வேறு பெண்களும் நின்று கேட்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க?" என்றார்.

நான் எழுதியது எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. சொன்னேன்.

"மேசையில நாலு தேத்தண்ணிக் கோப்ப வச்சிருக்கீங்க, அக்கா. ஓரத்துல அஞ்சாவதா ஒன்னு இருக்கு. அது யாருக்கு?"

யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"எனக்குத்தான் புள்ள" என்றார். "நாலு வருசமா அங்கதான ஒக்காந்திருந்தேன்."